தலைகீழ் மீனும் பதினான்கு விநாடியும்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று மட்டும் ஒன்பது மீன் பார்த்தேன். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர்களில் மூன்று, பால் பூத்தில் ஒன்று, எங்கள் பனியன் கம்பெனி வாசலில் நான்கு. ஒன்பதாவது என் வீட்டிலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் லோடு ஆட்டோவைக் கழுவுகிறார். வேண்டுமென்றே போடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

மறந்து தொலைக்கலாம் என்றால் திருப்பூரை ஒட்டிய எங்கள் அருள்புரமே அதைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டுத் தலைமுழுகப் போகிறேன். டிசம்பரில் ஒரு ஆர்டர் வந்தது. நீல நிறப் பனியன், நெஞ்சுக்கு நடுவே ஆரஞ்சு மீன். தண்ணீரிலிருந்து மேலே துள்ளுகிற மீன். பிரிண்டிங்கில் ஒரு பண்டல் துணியைத் திருப்பி வைத்து அடித்துவிட்டார்கள். நூற்று எண்பத்து நான்கு பனியனில் மீன் தலைகீழாகக் கீழே பாய்ந்துகொண்டிருந்தது. தைத்தவர்கள் கவனிக்கவில்லை. கடைசியில் பார்க்க வேண்டியவள் நான், செக்கிங் சூப்பர்வைசர். பதினாறு வருஷ சர்வீஸ். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன ஒற்றைத் தையல், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. மீன் தப்பிவிட்டது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மீன் தண்ணீருக்குள் போவதுதானே இயல்பு என்று பாஸ் போட்டுவிட்டேன்.

பையரின் ஆள் கம்பெனிக்கே வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். ரிஜெக்ட் ரிப்போர்ட்டில் மீன் படம், தேதி, பாஸ் போட்டவர் வேல்விழி என்று என் பெயர். முதலாளி லேபிளை எல்லாம் வெட்டச் சொல்லிவிட்டு, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஆளுக்கொன்று என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். "பேருல வேலும் இருக்கு, விழியும் இருக்கு. மீனைப் பாக்கத்தான் ஆள் இல்ல" என்று மாரிச்செல்வம் அன்றைக்குச் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மற்றபடி நல்ல நாள். முருங்கைக்காய் சாம்பார் நன்றாக வந்தது.

பிப்ரவரி 5, புதன்

ஆஃப்ரின் இன்று என்னைவிட முப்பது பீஸ் அதிகம் பார்த்திருக்கிறாள். எதிர் மேசைப் பெண். இரண்டு வருஷம் முன்பு நான்தான் சேர்த்துவிட்டேன். வாய் திறந்து பேசவே யோசிப்பாள், கண் மட்டும் கத்தி. பாராட்டலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பேக்கிங் ஜெயசுதாவை வேன் அடித்துவிட்டது. காலை எட்டரை மணி, கம்பெனிக்கு நேர் எதிரே, பல்லடம் ரோட்டைக் கடக்கும்போது. தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் என்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. சுற்றியுள்ள கம்பெனிப் பெண்கள் ஐந்நூறு பேர் தினமும் இரண்டு தடவை கடக்கிற ரோடு. ஒரு வேகத்தடை போடுங்கள் என்று மனுக் கொடுத்துக் கொடுத்து எங்கள் கைதான் ஓய்ந்தது. திங்கட்கிழமை ரோட்டில் உட்காரலாம் என்று தையல் செக்‌ஷனில் பேச்சு. நானும் உட்காருவேன்.

பிப்ரவரி 10, திங்கள்

உட்கார்ந்தோம். பதினாறு வருஷமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்த ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் வந்த லேடி இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். அப்புறம் அவருக்கு ஏதோ போன் வந்தது, தள்ளிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் இன்னொரு வண்டியில் ஹெல்மெட் போட்ட போலீஸ்காரர்கள் லத்தியோடு இறங்கினார்கள். விசில். அவ்வளவுதான் - ஓடினோம். என் இடது கால் செருப்பு ரோட்டிலேயே போய்விட்டது.

அயர்ன் மாஸ்டர் இசக்கிமுத்து ஓடவில்லை. பெண்கள் விட்டுவிட்டு ஓடிய டிபன் பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தானாம். நான் திரும்பிப் பார்த்தபோது கீழே கிடந்தான், வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. அடித்ததை நான் பார்க்கவில்லை. ஆஃப்ரின் பார்த்திருக்கிறாள். நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து போனில் எடுத்தும் இருக்கிறாள், வாட்ஸ்அப்பிலேயே. பதினான்கு விநாடி. ஹெல்மெட் போட்ட போலீஸ்காரர், ஓங்கி இரண்டு அடி, சுழன்று விழுகிற ஒரு முதுகு. முகம் தெரியவில்லை, கடை போர்டு எதுவும் தெரியவில்லை, பஸ்ஸின் பக்கவாட்டுதான் பாதி. எடுத்ததும் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் திருப்பூர் முழுக்கச் சுற்றியது.

இசக்கிமுத்துவுக்கு மணிக்கட்டு முறிவு. ஆஸ்பத்திரியில் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருக்கிறார். "வெழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். "நான் என்னக்கா செய்ய? அவரு மொறைச்சுக்கிட்டே நிக்காரு" என்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. "போலீசார் சமாதானம் பேசியதை அடுத்து மறியல் கைவிடப்பட்டது. கலைந்து சென்றபோது ஒருவர் நிலைதடுமாறி விழுந்து லேசான காயமடைந்தார்."

சமாதானம் பேசியதாம். எந்தக் கட்டையால் பேசினார்கள் என்று போடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் டிவியில் ஆஃப்ரினின் வீடியோ. குறுக்கே சிவப்பில் "போலி" என்று முத்திரை. மூன்று வருஷத்துக்கு முன் வேறு மாநிலத்தில் எடுத்தது, திருப்பூரில் நடந்ததாக யாரோ வதந்தி பரப்புகிறார்கள் என்று போலீஸ் வட்டாரம் சொல்கிறதாம். செய்தி வாசித்த பிள்ளை முகத்தில் என்ன ஒரு நம்பிக்கை.

"டிவியிலயே சொல்லிட்டாம்லா ஏளா, அப்ப அது பழசாத்தான் இருக்கும்" என்றார் மாரிச்செல்வம், வடையைக் கடித்துக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம். அப்ப நான் வுட்டுட்டு ஓடுன செருப்பு எந்த மாநிலத்துல கெடக்கு? இசக்கிமுத்து கையில மாவுக்கட்டு மூணு வருசமாவா இருக்கு? கேட்டேன். மனுஷன் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்குள் இன்னொன்று. ஆஃப்ரினையும் அவள் அப்பா கியாசுதீன் பாயையும் பகலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிற வழியிலேயே பயத்தில் அந்தப் பெண் ஸ்டேட்டஸ், வீடியோ, எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். தேதியோடு இருந்த ஒரே சாட்சி போயிற்று. இப்போது ஊரில் சுற்றுவதெல்லாம் கை மாறிக் கை மாறி வந்தது. "எங்கிருந்தோ வந்த பழைய வீடியோவை இங்கே எடுத்ததாகப் போட்டுவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் வழக்கு. பாய் திங்கட்கிழமை வரை நேரம் கேட்டு வந்திருக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆஃப்ரின் இன்று வேலைக்கு வந்தாள். ஒரே பீஸைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ இடைவேளையில் இரண்டு பெண்கள் அவளைத் தாண்டிப் போகும்போது "வதந்தி" என்று சொல்லிச் சிரித்தார்கள். இருவரும் திங்கட்கிழமை என்னோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள்தான். டிவிக்கு அவ்வளவு மரியாதை.

மாலையில் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார், கூடவே அவளும். காதர்பேட்டையில் சின்னதாகப் பனியன் கடை அவருக்கு. யாருக்கும் குரல் உயர்த்தாத மனிதர்.

"நீங்க சொன்னா கேப்பாம்மா. ஒரு கையெழுத்துத்தானுங்க. போட்டுட்டா முடிஞ்சுபோச்சு. நமக்கெதுக்கு ஸ்டேஷன், கோர்ட்டு?"

ஆஃப்ரின் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எடுத்தது நான்தானே அத்தா. நான் எடுக்கலைன்னு நானே எப்படி எழுதறது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? போடு என்று சொல்ல வாய் வரவில்லை. போடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வழக்கு வந்தால் அலைவது அவள். கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருக்கிறது. காப்பி போட்டுக் கொடுத்தேன். காப்பிதான் கொடுக்க முடிந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

நிதானமாக எழுதுகிறேன். சாயங்காலம் மாரிச்செல்வம் போனில் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். இதுவரை அதை ஒரு பெண்பிள்ளை பார்க்கிற மாதிரி, அடி விழுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத் தோன்றியது: ஏன் வேல்விழி, உனக்குப் பார்க்கத் தெரிந்தது துணிதானே. துணியைப் பார்.

செக்கிங்கில் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கழுத்து, தோள், கை, பக்கவாட்டு, கீழ் மடிப்பு, கடைசியில் நெஞ்சு. இந்த வரிசை மாறினால் ஏதாவது விட்டுப்போகும். அதே வரிசையில் வீடியோவைப் பார்த்தேன். கழுத்து, நீல நிறம். தோள், சரி. பதினோராவது விநாடியில் அவன் சுழல்கிறான், அரை விநாடி நெஞ்சுப் பக்கம் தெரிகிறது. நிறுத்தச் சொன்னேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல்.

மீன்.

"இசக்கிமுத்து மீன் பனியன்தான் போட்டிருந்தான். ஆனா இந்த டிசைன் வெளிநாட்டுக் கடையில ஆயிரக்கணக்குல விக்குமே" என்றார் மாரிச்செல்வம். நேராகத் துள்ளுகிற மீன் விற்கும். தலைகீழ் மீன் எங்கே விற்கும்? உலகத்திலேயே நூற்று எண்பத்து நான்குதான், அத்தனையும் நான் பாஸ் போட்டது. ஜனவரி 11-ம் தேதிக்கு முன்னால் ஒன்றுகூடக் கம்பெனியைவிட்டு வெளியே போகவில்லை. அப்புறம் மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு மாநிலத்தில் எவன் போட்டிருப்பான்?

"அவன் விழுதாம்லா. அவன் தலைகீழாப் போனா மீனும் தலைகீழாத்தான தெரியும்?"

நியாயமான கேள்விதான். அதற்காக மனிதர் தன் மீன் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து, தரையில் விரித்த கோரைப்பாயில் இரண்டு தடவை விழுந்து காட்டினார். மூன்றாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டார். விழுந்தாலும் எழுந்தாலும் கழுத்துப் பட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். நல்ல பீஸில் மீனின் தலை கழுத்துப் பக்கம். வீடியோவில் கழுத்துப் பக்கம் வால்.

என் தப்பைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பிப்ரவரி 15, சனி

முதலாளி தரணீதரனைப் பார்க்கப் போனேன். முப்பத்தைந்து வயது, எங்களையெல்லாம் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ரிஜெக்ட் ரிப்போர்ட்டும் பொங்கலுக்குக் கையெழுத்து வாங்கிய லிஸ்டும் ஸ்டேஷனில் காட்ட வேண்டும் என்றேன். முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா? ரிஜெக்ட் பீஸை வெளிய வுடக் கூடாது, வெட்டிப்போடோணும்னு பையர்கிட்ட எழுதிக் குடுத்திருக்கறோமுங்க. நல்ல துணியை வெட்ட மனசில்லாமத்தான் எல்லாருக்கும் குடுத்தேன். பேப்பர்ல வந்து பையர் பாத்தா நான் என்னங்க சொல்றது?"

பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லிப்போடறனுங்க. ரிப்போர்ட்டுல உங்க பேருதான் இருக்குது. இது வெளிய வந்தா எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மீன் பாஸ் போட்ட அம்மாம்பாங்க. பரவால்லீங்களா?"

பரவாயில்லை என்றேன். பதினாறு வருஷமாக ஊரில் எனக்கு இருக்கிற ஒரே பெருமை என் கண். ஆனால் ஆஃப்ரின் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவள் கண்ணும் பொய், அவள் வாயும் பொய் என்று ஆகிவிடும். இருபத்தாறு வயதில் அவளுக்கு அது தேவையா? எனக்கு ஒரு மீன்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டேஷன் என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேப்பர் நிருபர் ஆரோக்கியராஜ் வீட்டுக்கு வந்தார். நான்தான் போன் பண்ணினேன். செவ்வாய்க்கிழமை "சமாதானம்" எழுதியவர் அவர்தான். தூத்துக்குடிப் பக்கம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சங்கடப்பட்டார்.

"அன்னைக்கு ஸ்பாட்டுக்கு வந்தீங்களா?" என்றேன்.

"இல்லக்கா. அதே நேரத்துல கலெக்டர் ஆபீஸ்ல வேற நிகழ்ச்சி. போலீஸ் வாட்ஸ்அப் குரூப்ல செய்தி வரும், போட்டோவும் வரும். அதை வச்சு அனுப்பிட்டேன். எல்லாரும் அப்படித்தான் அனுப்புவோம்."

நான் சாம்பிளைப் பார்க்காமல் பாஸ் போட்டேன், இவர் ரோட்டைப் பார்க்காமல் பாஸ் போட்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், உதவும்.

மாரிச்செல்வத்தின் பனியனை மேசையில் விரித்துக் காட்டினேன். வீடியோவை நிறுத்திக் காட்டினேன். கழுத்துப் பக்கம் வால். மனிதர் போனைக் கையில் வாங்கி நாலு தடவை பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். முதலாளி ரிப்போர்ட்டைக் கொடுத்தால்தான் போட முடியும், வாய்ப்பேச்சை எடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். சாப்பிட்டுவிட்டுப் போனார். கருவாட்டுக் குழம்பு. இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார்.

முதலாளியிடமிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பதினொரு மணிக்கு ஸ்டேஷன். ஆஃப்ரின், பாய், நான். முதலாளி வரவில்லை. ரைட்டர் மேசையில் அந்தக் காகிதம் தயாராக இருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி. பாய் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மகள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. நீட்டின கையை அவர் மடக்கவும் இல்லை.

நான் நேரே இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போய்ப் பனியனை விரித்தேன். அன்றைக்கு ரோட்டில் நல்லபடியாகப் பேசிய அதே அம்மாதான். கழுத்து, தோள், கை என்று வரிசையாகச் சொல்லி மீனுக்கு வந்தேன். "இது ஒரு பனியனுங்கம்மா. இது எப்பத் தெச்சதுன்னு நீங்க சொல்றீங்க, அவ்வளவுதானுங்களே" என்றார். சரிதான். கையில் காகிதம் இல்லாமல் பேசினால் அது வெறும் பேச்சு.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். கையில் பைல். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டையும் லிஸ்டையும் மேசையில் வைத்தார். இசக்கிமுத்துவின் கையெழுத்து, ஜனவரி 11. என் பெயர், டிசம்பர் 19. வழியில் பையருக்குத் தானே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். "அவங்க பேப்பர்ல பாக்கறதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிப்போட்டா ராத்திரி தூக்கமாச்சும் வருமுங்க" என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். வீடியோவைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"பதினாறு வருச சர்வீஸ்ங்கறீங்க. நூத்தி எம்பத்தி நாலு மீன் தலைகீழா இருக்கறது உங்களுக்குத் தெரியலீங்களா?"

ரைட்டர் முதல் வாசலில் பாரா நின்றவர் வரை எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் முதலாளி. பின்னால் ஆஃப்ரின், நான் வேலை சொல்லிக்கொடுத்த பெண்.

"தெரியலீங்க மேடம். சாம்பிளை எடுத்துப் பாக்காமப் பாஸ் போட்டுட்டேன். என் தப்புதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த ஒரு வாரத்தில் பேப்பரோ டிவியோ ஸ்டேஷனோ ஒருவர்கூடச் சொல்லாத வார்த்தை அந்த "என் தப்புதான்" என்று எனக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டர் ரைட்டரைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தை எடுத்துவிடச் சொன்னார். பிறகு ஆஃப்ரினைப் பார்த்து, "நீ ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டாங் கண்ணு. இதை எடுத்தது நீதான். சாட்சியா வந்து சொல்லுவியா?" என்றார்.

"சொல்லுவனுங்க" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

பாய் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூடியைத் திருகாமலே வைத்ததில் பையில் நீலக் கறை. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஐந்தாம் பக்கம், இரண்டு பத்தி. "அருள்புரம் மறியல்: காணொளி உண்மையே." இசக்கிமுத்து பெயர், ஆஃப்ரின் பெயர், என் பெயர். "தவறுதலாக அனுமதித்த செக்கிங் சூப்பர்வைசர் வேல்விழி (44)." வயதை யார் கேட்டார்கள்?

"காயமடைந்தவர் தவறி விழுந்ததாக முன்பு கூறப்பட்டது" என்று எழுதியிருக்கிறார் ஆரோக்கியராஜ். யாரால் கூறப்பட்டது, காற்றாலா என்று போன் பண்ணிக் கேட்டேன். "நாம தப்பாப் போட்டோம்னு எழுதித்தான்க்கா குடுத்தேன், மேல வெட்டிட்டாங்க" என்றார். வெட்டட்டும். அவர் எழுதிக் கொடுத்தாரே.

கம்பெனியில் எல்லாரும் மீன் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் தடவை சுருக்கென்றது. பத்தாவது தடவை "என்னடி" என்று திரும்பினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

டிவிக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை. சிவப்பு முத்திரை குத்திய வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்களாம். மாரிச்செல்வம் மூன்று நாளாக அந்தச் சேனல் முன்னால் காத்திருந்தார், "சொல்லுவான், சொல்லுவான்" என்று. இன்று எழுந்து பழைய பாட்டுச் சேனலுக்கு மாற்றிவிட்டார். பாவமாக இருந்தது. அப்பளம் பொரித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இசக்கிமுத்து விசாரணைக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். அடித்தவரை ஆயுதப்படைக்கு மாற்றியிருக்கிறார்கள். போதுமா என்று கேட்டேன். "எனக்குக் கை சரியாப் போனாப் போதும்க்கா. இடது கையால அயர்ன் பண்ணிப் பாத்தேன், எல்லாம் கோணலாப் போகுது" என்றான்.

வேகத்தடை பதினைந்து நாளில் வரும் என்று நெடுஞ்சாலைத் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

பையர் பதில் வந்தது. ஆர்டர் தொடரும். ஆனால் இனி ஒவ்வொரு செக்கிங் மேசைக்கும் மேலே சாம்பிள் தொங்க வேண்டும் என்று நிபந்தனை. தொங்கவிட்டாயிற்று. நிமிர்ந்தால் தலையில் இடிக்கிறது.

ஆஃப்ரினிடம் இன்று சொல்லிவிட்டேன், நீ என்னைவிட வேகம் என்று. "தெரியுங்க்கா" என்றாள். பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

பதினைந்து நாள் முடிந்தது. வேகத்தடை வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஊன்றுகோலோடு ஜெயசுதாவும் வந்தாள், அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

போலீஸ் வந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதே இன்ஸ்பெக்டர். ஹெல்மெட் வண்டி ஒன்று தூரத்தில் நின்றது, யாரும் இறங்கவில்லை. ஆஃப்ரின் இந்த முறை பஸ்ஸுக்குப் பின்னால் ஒளியவில்லை. ரோட்டோரம் எல்லாரும் பார்க்க நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். கியாசுதீன் பாய் கடையைத் திறக்காமல் வந்து, அவள் கைப்பையையும் டிபனையும் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம் நடந்து போனார்.

"வீடியோ எடுக்கறயா கண்ணு? தேதி விழற மாதிரி எடு" என்றார்.

ஆரோக்கியராஜும் வந்திருந்தார். பேண்ட் முழுக்கப் புழுதியோடு ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஆள் வந்து, ஜல்லி லாரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தோம். நாற்பது நிமிஷம் ஆயிற்று. யாரும் ஓடவில்லை. டிபன் பைகள் எல்லாம் அவரவர் கையிலேயே வேலைக்குப் போயின.

மார்ச் 18, செவ்வாய்

டிவியில் ஒன்றும் வரவில்லை. பேப்பரில் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி. ஆரோக்கியராஜ் போன் பண்ணி வருத்தப்பட்டார்: "நாப்பது வரி எழுதினேன்க்கா. யாருக்கும் அடி விழலையே, இதுல என்ன செய்தின்னு கேட்டுச் சுருக்கிட்டாங்க."

நான்கு வரியையும் வெட்டி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. பாஸ்.